ஈரத் தடம்: டர்பனில் குழந்தையின் காலை யாரிடம் காட்டுவது?

ஆடி வெள்ளிக்கிழமை, கோயிலில் கூழ் ஊற்றுகிற நாள். இங்கே, தென்னாப்பிரிக்காவின் டர்பனில், ஆடி என்றால் நடுக்குளிர். அபிஷேகத் தண்ணீர் வழிந்து கிடந்த சிமெண்ட் தரையில் என் சின்னவன் குறுக்கே ஓடினான். காய்ந்த பக்கத்தில் அவன் கால் தடம் வரிசையாகப் பதிந்தது. கிருஷ்ண ஜயந்திக்கு அரிசி மாவில் பாதம் போடும்போது நடுவில் உள்பக்கம் ஒரு குழிவு வருமே, இதில் அது இல்லை. ஆப்பச்சட்டியில் ஊற்றின மாதிரி முழுசாக இருந்தது. போதாததற்கு இரண்டு காலின் கட்டைவிரலும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன.

நான் மட்டும் பார்த்திருந்தால் பரவாயில்லை. கூழுக்கு நின்ற வரிசையே பார்த்தது. அன்று ராத்திரிக்குள் எனக்கு ஐந்து யோசனைகள் கிடைத்தன. கமிட்டி அண்ணன் ஒருவர் உடனே பெரிய எலும்பு டாக்டரிடம் போகச் சொன்னார். மடப்பள்ளியில் உதவி செய்கிற ஆயா, நல்லெண்ணெய் காய்ச்சித் தினமும் உருவிவிடு, நேராகிவிடும் என்றார். மூத்தவளுடைய பள்ளிக்கூடத்தில் தெரிந்த அக்கா, அதற்கென்றே ஷூ இருக்கிறது என்றார். கிளினிக்கில் நர்ஸாக இருக்கும் ஒரு அக்கா, பிள்ளையின் தடுப்பூசிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வா என்றார். ராத்திரி வாட்ஸ்அப்பில் வீடியோ பார்த்த மாமியார், திருச்சிக்கு டிக்கெட் போடு என்று ஒரே வரியில் முடித்தார்.

இந்த எல்லா வழியிலும் பாதி தூரமாவது நான் போய்ப் பார்த்தேன். ஊருக்குப் போகவில்லை. ஆனால் அதற்கும் கணக்குப் போட்டேன். என் கணவர் டர்பனில் சாட்ஸ்வொர்த் பக்கம் ஒரு கோயிலில் குருக்கள். நாங்கள் இருப்பது கோயில் குவார்ட்டர்ஸ். கையில் காசு குறைவு, சொந்தபந்தம் பக்கத்தில் இல்லை, எனக்கு இங்கிலீஷ் சுமார். இதே நிலையில் இருக்கிற இன்னொரு அம்மாவுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை என்பதை மட்டும் நினைவில் வைத்துப் படியுங்கள்.

யாரும் சொல்லாத முதல் வழி, ஒன்றும் செய்யாமல் காத்திருப்பது. எல்லாரும் இதைச் சோம்பேறித்தனம் என்று நினைக்கிறார்கள். பாதிக்கு மேற்பட்ட கால் பயங்களுக்கு இதுதான் சரியான வைத்தியம் என்று எனக்குப் பிற்பாடுதான் புரிந்தது. குழந்தை வயிற்றில் மடங்கிக் கிடந்த உடம்பு, நிமிர்வதற்குச் சில வருடம் எடுத்துக்கொள்கிறது. நடக்கத் தொடங்கும் வயதில் கால் வில் மாதிரி வெளிப்பக்கம் வளைந்திருக்கும். இரண்டு வயதையொட்டி நேராகும். அப்புறம் மூன்று நான்கு வயதில் நேர்மாறாகி, முட்டி இரண்டும் இடித்துக்கொண்டு நிற்கும். அதைப் பார்த்து அம்மாக்கள் திரும்பவும் பயப்படுவோம். ஏழு வயதுவாக்கில் அதுவும் தானாகச் சரியாகிவிடும்.

தட்டைப் பாதமும் அப்படித்தான். சின்னக் குழந்தையின் உள்ளங்காலில் கொழுப்பு மெத்தை இருக்கிறது, குழிவு அதற்குள் மறைந்து கிடக்கும். குழிவு சரியாகத் தெரிய ஆறு வயது, சில பிள்ளைகளுக்குப் பத்து வயதுகூட ஆகும். வீட்டிலேயே பார்க்க ஒரு வழி உண்டு. உயரத்தில் பிஸ்கட்டைக் காட்டினால் பிள்ளை நுனிக்காலில் எம்பும். அப்போது உள்ளங்காலில் குழிவு எழுந்தால் பாதம் வளைந்துகொடுக்கிறது என்று அர்த்தம். வலியும் இல்லையென்றால் பெரும்பாலும் விட்டுவிடலாம். எம்பினாலும் பலகை மாதிரியே இருந்தால் காட்ட வேண்டும்.

பாதம் உள்பக்கம் திரும்புவதற்கு மூன்று இடங்கள் காரணமாகலாம். பாதமே வளைந்திருக்கலாம். இது கைக்குழந்தையிலேயே தெரியும், பெரும்பாலும் ஒரு வயதுக்குள் சரியாகும். முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு லேசாக முறுக்கியிருக்கலாம். இதுதான் ஒன்றிலிருந்து மூன்று வயதுக்குள் அதிகம் பார்ப்பது, நாலைந்து வயதுக்குள் அவிழ்ந்துவிடும். மூன்றாவது தொடை எலும்பின் முறுக்கு. மூன்று வயதுக்கு மேல் கண்ணில் படும். இந்தப் பிள்ளைகள் கால் இரண்டையும் பின்பக்கம் பரப்பித் தவளை மாதிரி உட்காருவார்கள். எட்டுப் பத்து வயதுக்குள் பெரும்பாலானோருக்கு நேராகும்.

இப்படிப் படித்துவிட்டு நிம்மதியாகப் படுத்துவிடலாம்தான். ஆனால் காத்திருப்பது யாருக்குச் சரி, யாருக்குத் தப்பு என்பதைப் பார்த்த பிறகுதான் காத்திருக்க வேண்டும். ஒரு காலில் மட்டும் இருக்கிறதா, இரண்டிலும் ஒரே மாதிரியா என்பது முதல் கேள்வி. இரண்டிலும் ஒரே மாதிரி, வலி இல்லை, பிள்ளை ஓடி விளையாடுகிறது என்றால் நேரம் இருக்கிறது. ஒரு கால் மட்டும் கோணல், ஒரு கால் குட்டை, வாத்து மாதிரி இடுப்பை ஆட்டி நடக்கிறது என்றால் இடுப்பு மூட்டு பிறவியிலேயே விலகியிருக்கலாம். அதற்குக் காத்திருந்தால் ஒவ்வொரு மாதமும் நஷ்டம். பதினெட்டு மாதம் ஆகியும் நடக்கவில்லை என்றாலும் சரி, நடந்துகொண்டிருந்த பிள்ளை நடையை மறக்கிறது என்றாலும் சரி, போய்க் காட்ட வேண்டியதுதான். எப்போதும் நுனிக்காலிலேயே நடக்கிற பிள்ளையின் குதிகாலைக் கையால் கீழே அழுத்திப் பாருங்கள். இறங்கவில்லை என்றாலோ, மூன்று வயதுக்குப் பிறகும் அதே நடை என்றாலோ நரம்பு, தசை எல்லாம் சோதிக்க வேண்டியிருக்கும். தரையிலிருந்து எழும்போது கையைத் தொடைமேல் ஊன்றி ஊன்றி ஏறுகிற ஆண் பிள்ளைக்குத் தசை நோய் இருக்கிறதா என்று ஒரு ரத்தப் பரிசோதனையிலேயே துப்புக் கிடைக்கும். வில் கால் இரண்டு வயதுக்குப் பிறகு நேராவதற்குப் பதில் இன்னும் வளைந்தால் வைட்டமின் டி குறைவு, இல்லையென்றால் எலும்பு வளர்ச்சியில் கோளாறு. வெயில் கொட்டுகிற டர்பனிலும், எலும்பு மென்மையாகிற ரிக்கெட்ஸ் நோய் வருகிற பிள்ளைகள் உண்டு.

காய்ச்சலோடு காலை ஊன்றவே மாட்டேன் என்று அழுகிற பிள்ளையை வைத்துக்கொண்டு இந்த மாதிரி கட்டுரையெல்லாம் படிக்கக் கூடாது. மூட்டுக்குள் சீழ் பிடித்திருக்கலாம். அன்றைக்கே, ராத்திரியானாலும், பக்கத்து ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு.

இப்போது ஷூ கதை. இதுதான் நான் சறுக்கிய இடம். ஒரு மாலில் இருக்கிற கடைக்குப் போனேன். பேர் வேண்டாம். கடைப் பெண் என் பையனை ஒரு கண்ணாடிப் பலகையில் நிற்க வைத்தாள். அடியில் விளக்கு எரிந்தது. உள்ளங்கால் முழுசாகப் பச்சையாகத் தெரிந்தது. "பாருங்கள், வளைவே இல்லை" என்றாள். இரண்டு வயசுப் பிள்ளைக்கு வளைவு இருக்காது என்பது அப்போது எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது போல. கணுக்கால் வரை இறுக்கிக் கட்டுகிற கனமான பூட்ஸ், உள்ளே மேடான ஒரு மெத்தை. இரண்டுக்கும் சேர்த்து ஒரு மாத மளிகைக் காசு போனது. மூன்று வாரத்தில் குதிகாலுக்கு மேலே தோல் உரிந்து சிவந்தது. ஷூவைப் போட்டுக்கொண்டு அவன் முன்னைவிட அதிகம் விழுந்தான்.

அப்புறம்தான் தேடிப் பார்த்தேன். 1989ஆம் வருடமே அமெரிக்காவில் இதைச் சோதித்துவிட்டார்கள். வளைந்துகொடுக்கிற தட்டைப் பாதம் உள்ள, ஒன்றிலிருந்து ஆறு வயதுப் பிள்ளைகளில் சிலருக்குத் திருத்தும் ஷூவும் உள்மெத்தையும் கொடுத்து, சிலரை அப்படியே விட்டு, மூன்று வருடம் கழித்து எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். ஷூ போட்டவர்கள், போடாதவர்கள் எல்லாருக்கும் பாதம் தேறியிருந்தது. ஷூவால் தனியாக ஒன்றும் ஆகவில்லை. அதற்குப் பிறகும் கடையில் விற்கிறார்கள் என்றால், காத்திருக்கச் சொல்ல ஒரு கடையால் முடியாது, அவ்வளவுதான். ஷூவுக்கு வேலை இருக்கிறது. கண்ணாடிச் சில்லும் சூட்டுத் தரையும் காலில் படாமல் காக்க வேண்டும். விரல்கள் விரிய இடம், கையால் மடித்தால் மடங்குகிற அடிப்பாகம், இரண்டும் இருந்தால் சந்தையில் வாங்குகிற மலிவு ஷூவே போதும். வீட்டுக்குள்ளும் பிராகாரத்திலும் வெறுங்கால்தான் நல்லது. அந்த விஷயத்தில் குருக்கள் வீட்டுப் பிள்ளைக்கு அதிர்ஷ்டம்.

ஆயாவின் எண்ணெய்க்கு வருவோம். எலும்பின் முறுக்கை எண்ணெய் அவிழ்க்காது. ஆனால் வலிக்காமல் தடவினால் கெடுதலும் இல்லை, பிள்ளை நன்றாகத் தூங்குகிறது. நான் ஆயாவிடம் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: இழுக்க வேண்டாம், முறுக்க வேண்டாம், தடவ மட்டும் செய்யுங்கள். முடமான காலை "சொடுக்கு எடுத்து" நேராக்குகிறேன் என்று யாராவது வந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

இனி நிஜமான போட்டி இரண்டுக்கு இடையில்தான்: அரசாங்க கிளினிக்கா, தனியார் டாக்டரா.

கிளினிக்கின் முதல் பலம் காசு. 1994இல் மண்டேலா பதவிக்கு வந்ததும் செய்த முதல் காரியங்களில் ஒன்று, ஆறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அரசாங்க வைத்தியம் இலவசம் என்று அறிவித்தது. பிறகு 2003ஆம் வருடத்துச் சுகாதாரச் சட்டத்திலும் அது ஏறியது. வெளிநாட்டுப் பிள்ளைக்கு உண்டா என்று சில இடத்தில் கேள்வி எழும்பும். பெர்மிட் இருக்கிறதோ இல்லையோ, எந்த நாட்டுப் பிள்ளையானாலும் உண்டு என்று 2023இல் ஜோஹன்னஸ்பர்க் உயர் நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஒரு நிபந்தனை மட்டும் இருக்கிறது, அதில்தான் பலர் மாட்டுகிறார்கள். மெடிக்கல் எய்டு என்கிற தனியார் வைத்தியக் காப்பீட்டில் இருக்கிற பிள்ளைக்கு இந்த இலவசம் கிடையாது. எங்கள் மாதிரி மலிவான ஹாஸ்பிடல் பிளான் எடுத்தவர்கள் இரண்டும்கெட்டான். ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பிளான் பணம் கொடுக்கும், டாக்டரின் அறையில் போய்க் காட்டினால் கொடுக்காது. அதே பிளான் இருப்பதால் அரசாங்க ஆஸ்பத்திரியிலும் பில் போடுவார்கள். பாலிசியைக் கையெழுத்துப் போடும்போது இதை யாரும் நமக்குச் சொல்வதில்லை. உயிருக்கோ உறுப்புக்கோ ஆபத்தான அவசரம் என்றால் எந்த மெடிக்கல் எய்டும் கொடுத்தே ஆக வேண்டும், அது சட்டம்.

கிளினிக்கின் இரண்டாவது பலம் அந்தப் புத்தகம். பிறந்ததும் கொடுக்கிறார்களே, ரோடு டு ஹெல்த் புத்தகம், அதை நாம் தடுப்பூசி அட்டை என்றுதான் நினைக்கிறோம். உள்ளே எந்த வயதில் பிள்ளை என்ன செய்ய வேண்டும் என்று ஒரு பக்கம் இருக்கிறது. பதினெட்டு மாதத் தடுப்பூசிக்குப் போகும்போது, நடக்கிறானா என்று சிஸ்டர் கேட்டே ஆக வேண்டும். கேட்கவில்லையென்றால் நாம் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டலாம்.

பலவீனம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். விடிவதற்கு முன்னால் வரிசை. முதல் நாள் நான் எட்டு மணிக்குப் போய், இன்றைக்கு எண்ணிக்கை முடிந்தது என்று திரும்பினேன். மறுநாள் கணவர் காலசந்தி பூஜையை வேறொருவரிடம் விட்டுவிட்டு ஐந்தரைக்கே போய் நின்றார். நான் பிள்ளையோடு ஏழு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். ஆனால் உள்ளே போன பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. ஜூலு பேசுகிற வயசான சிஸ்டர். என் இங்கிலீஷ் அவருக்குப் பாதி புரிந்தது, அவருடையது எனக்குப் பாதி. அவர் பேச்சை விட்டுவிட்டார். பையனின் கால்சட்டையைக் கழற்றச் சொல்லி, தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் போய்க் குந்தி உட்கார்ந்து, கை இரண்டையும் நீட்டி "வோஸா, வோஸா" என்று கூப்பிட்டார். வா, வா என்று அர்த்தம். அவன் தத்தித் தத்தி ஓடினான். அவர் அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை, முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று தடவை ஓட வைத்தார். இடுப்பை இரண்டு பக்கமும் விரித்துப் பார்த்தார். பிறகு புத்தகத்தில் எழுதி, இடுப்பு நன்றாக இருக்கிறது, டாக்டர் ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று கடிதம் கொடுத்தார். மாலில் கண்ணாடிப் பலகைக்காரி செய்யாத ஒரு காரியத்தை இவர் செய்தார். பிள்ளையை நடக்க வைத்துப் பார்த்தார்.

அந்தக் கடிதம்தான் அரசாங்க வழியில் சாவி. கிளினிக்கிலிருந்து பக்கத்து ஆஸ்பத்திரி, சாட்ஸ்வொர்த்காரர்களுக்கு அது 1969இல் திறந்த ஆர்.கே. கான், ஃபீனிக்ஸ் பக்கம் மகாத்மா காந்தி. அங்கிருந்து தேவைப்பட்டால்தான் கேட்டோ மேனரில் இருக்கிற இன்கோஸி ஆல்பர்ட் லுத்துலி மத்திய ஆஸ்பத்திரி. அதற்கு நேராக வண்டியை விட்டுக்கொண்டு போய் வாசலில் நிற்க முடியாது. கீழேயிருந்து அனுப்பினால்தான் சேர்ப்பார்கள். ஒவ்வொரு படியிலும் ஒரு தேதி, ஒவ்வொரு தேதிக்கும் காத்திருப்பு.

அப்படியென்றால் நிஜமான நோய் இருக்கிற பிள்ளைக்கு அரசாங்க வழி ஆகாதா? எனக்கும் அந்த எண்ணம் இருந்தது. ஆயாவின் பேத்தி கதையைக் கேட்ட பிறகு மாறியது. அந்தப் பெண் குழந்தை பிறக்கும்போதே இரண்டு பாதமும் உள்பக்கம் சுருண்டு, உள்ளங்கால் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு பிறந்தது. கிளப்ஃபுட். உலகம் முழுக்க ஆயிரம் பிள்ளைக்கு ஏறக்குறைய ஒன்று இப்படிப் பிறக்கிறது. இதற்கு இப்போது உலகமெங்கும் செய்வது பொன்செட்டி முறை. ஸ்பெயினில் பிறந்து அமெரிக்காவின் அயோவாவில் வேலை பார்த்த இக்னாசியோ பொன்செட்டி என்ற டாக்டர் கண்டுபிடித்தது. பெரிய ஆபரேஷன் கிடையாது. வாரம் ஒரு தடவை பாதத்தைக் கையால் கொஞ்சம் திருப்பி மாவுக்கட்டு போடுவார்கள். அடுத்த வாரம் அதைப் பிரித்து, இன்னும் கொஞ்சம் திருப்பி, மறுபடி கட்டு. ஐந்தாறு கட்டில் பாதம் திரும்பிவிடும். பெரும்பாலான பிள்ளைகளுக்குக் குதிகாலின் தசைநாணில் ஒரு சின்ன வெட்டு, கடைசிக் கட்டு மூன்று வாரம். அதற்குப் பிறகுதான் அம்மாவுக்கு நிஜமான வேலை. இரண்டு பூட்ஸை ஒரு கம்பியில் பூட்டின மாதிரி ஒரு சாதனம், முதல் மூன்று மாதம் நாளுக்கு 23 மணி நேரம், அப்புறம் தூங்கும்போது மட்டும், நாலைந்து வயது வரை. இதை விட்டால் பாதம் திரும்பவும் சுருளும்.

ஆயாவின் மகள் ஒவ்வொரு வாரமும் டாக்ஸி பிடித்து அரசாங்க ஆஸ்பத்திரிக்குத்தான் போனாள். அந்தக் கிழமையில் இருபது அம்மாக்கள், இருபது பிள்ளைகள், எல்லாக் காலிலும் கட்டு. கட்டுப் போடுகிற கை தினம் அதையே செய்கிற கை. கம்பி பூட்ஸை எப்படித் தூக்கத்தில் கழற்றாமல் வைத்திருப்பது என்று பக்கத்தில் உட்கார்ந்த ஜூலு அம்மா கற்றுக்கொடுத்தாளாம். கேப்டவுனில் 2005இல் தொடங்கிய ஸ்டெப்ஸ் என்ற தொண்டு அமைப்பும் இந்தப் பிள்ளைகளுக்கென்றே வேலை செய்கிறது. பேத்திக்கு இப்போது ஆறு வயது, பரதநாட்டியம் கற்கிறாள். ஆக, கிளப்ஃபுட் மாதிரி பேர் தெரிந்த, வாராவாரம் போக வேண்டிய, வருடக்கணக்கில் கவனிக்க வேண்டிய விஷயத்துக்கு நான் அரசாங்க ஆஸ்பத்திரியைத்தான் சொல்வேன். தனியாரில் அதே கட்டுக்கு வாராவாரம் பில் வரும்.

என் பையன் விஷயம் வேறு. அவனுக்குத் தேவை ஒரே ஒரு நல்ல பரிசோதனை. அதற்காக ஆஸ்பத்திரித் தேதிக்குக் காத்திருக்காமல், பக்கத்திலேயே முப்பது வருடமாகப் பிராக்டிஸ் செய்கிற பொது டாக்டரிடம், இங்கே ஜி.பி. என்பார்கள், போனோம். கமிட்டி அண்ணன் சொன்ன பெரிய எலும்பு டாக்டரின் ஃபீஸ் இவருடையதைப் போல நான்கு மடங்கு. அதுவும் முதல் தடவை பார்க்க மட்டும், எக்ஸ்ரே தனி. ஜி.பி. பையனைக் குப்புறப் போட்டார். முழங்காலை மடக்கி, உள்ளங்காலை மேலே இருந்து பார்த்தார். தொடைக் கோட்டுக்கும் பாதக் கோட்டுக்கும் இடையில் எவ்வளவு திருப்பம் என்று அதில் தெரிந்துவிடுமாம். தொடையை உள்ளேயும் வெளியேயும் திருப்பினார். பாத விளிம்பில் விரலை ஓட்டி நேராக இருக்கிறதா என்று பார்த்தார். பத்து நிமிஷம். முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பில்தான் முறுக்கு, இரண்டிலும் சமம், எக்ஸ்ரே வேண்டாம், ஆறு மாதம் கழித்துக் கொண்டு வா என்றார். ஷூவைப் பற்றிக் கேட்டேன். "கடையில் திருப்பி எடுத்துக்கொள்வார்களா?" என்று மட்டும் கேட்டார். எடுத்துக்கொள்ளவில்லை.

பெரிய டாக்டரிடம் முதலிலேயே போவதில் பணம் மட்டும் நஷ்டமில்லை. ஒருவர் எவ்வளவு பெரியவரோ அவ்வளவு படம், சோதனை என்று போய்விடும் சில இடங்களில். எல்லாரும் அப்படி இல்லை. குழந்தை எலும்பு டாக்டரில் நல்லவர் என்றால் அவரும் அதே பத்து நிமிஷப் பரிசோதனையைத்தான் செய்து, அதே ஆறு மாதத்தைத்தான் சொல்வார். மேலே நான் சொன்ன அபாய அடையாளம் ஏதாவது இருந்தால் மட்டும் தயங்காமல் அவரிடமே போகலாம். அப்போதும் பெரியவர்களின் முட்டியை மாற்றுகிற டாக்டரைவிடக் குழந்தைகளையே பார்க்கிறவரைத் தேட வேண்டும்.

ஃபிசியோவை எங்கே வைப்பது? இந்த நாட்டில் ஃபிசியோவிடமும் பாத வைத்தியரான பொடயட்ரிஸ்டிடமும் டாக்டர் கடிதம் இல்லாமலே போகலாம். அது வசதி, ஆபத்தும் அதுவே. காரணம் தெரியாமல் பயிற்சி தொடங்கிவிடுவோம். நுனிக்காலில் நடந்து கெண்டைக்கால் இறுகிப்போன பிள்ளை, தசை தளர்ந்த பிள்ளை, நடையில் பின்தங்கிய பிள்ளை, இவர்களுக்கு ஃபிசியோ மாதிரி உதவி வேறில்லை. எலும்பு முறுக்குக்கு ஃபிசியோவில் செய்ய அதிகம் இல்லை. பொடயட்ரிஸ்டிடம் போவதானால், வலி இருக்கிற பெரிய பிள்ளைக்குப் போங்கள். இரண்டு வயதுப் பிள்ளைக்கு முதல் நாளே அளவெடுத்து உள்மெத்தை செய்யச் சொன்னால், நான் மால் கடையை நினைத்துக்கொள்வேன். யாரிடம் போனாலும் எச்.பி.சி.எஸ்.ஏ. என்கிற வைத்தியத் தொழில் கவுன்சிலின் பதிவு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கேட்டால் யாரும் கோபிக்க மாட்டார்கள்.

கடைசியாகத் திருச்சி டிக்கெட். மாமியாரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. "கால் பின்னுது டாக்டர், ஓடும்போது ஒன்றுமேல ஒன்று போட்டுத் தடுக்குது" என்று தமிழில் சொல்லிவிட்டு உட்காருவதில் இருக்கிற நிம்மதி டர்பனில் எங்கே போனாலும் எனக்குக் கிடைக்காது. வேலூர் சி.எம்.சி., கோவை கங்கா என்று தைரியமாகப் போக இடங்களும் உண்டு. பெரிய ஆபரேஷன் என்று பேச்சு வந்து, இரண்டாவது ஒருவரின் கருத்து வேண்டுமென்றால் நானே போவேன். ஆனால் வளர்கிற காலுக்கு ஒரு தடவைப் பார்வை போதாது. ஆறு மாதம் முன்னால் அளந்த அதே கை மறுபடி அளந்தால்தான் கூடுகிறதா குறைகிறதா என்று தெரியும். துபாய் வழியாக நான்கு டிக்கெட் போட்டு, ஒரு வாரத்தில் மூன்று டாக்டரிடம் மூன்று விதமாகக் கேட்டுத் திரும்பி வந்தவர்களை எனக்குத் தெரியும். இங்கே வந்த பிறகு எல்லாம் முதலிலிருந்து. மொழிக்கு நான் கண்டுபிடித்த வழி ஃபோன்தான். முன்னாலிருந்து ஒரு வீடியோ, பின்னாலிருந்து ஒன்று, வெறுங்காலில், முட்டி தெரிகிற மாதிரி. டாக்டர் அறைக்குள் போனதும் மடியை விட்டு இறங்க மாட்டேன் என்கிற பிள்ளைக்கும் அது உதவும்.

ஜனவரியில் ஆறு மாதம் முடிந்தது. ஜி.பி.யிடம் அப்போது எடுத்தது, இப்போது எடுத்தது என்று இரண்டு வீடியோவையும் காட்டினேன், அதே தாழ்வாரம், அதே ஓட்டம். நாளுக்குப் பத்துத் தடவை விழுந்தவன் இப்போது மூன்று நான்கு தடவை விழுகிறான். திருப்பம் குறைந்திருக்கிறது, அடுத்தது ஒரு வருடம் கழித்து என்று எழுதிக் கொடுத்தார். தைப்பூசக் காவடிக்குக் கூட்டம் சேர்ந்த அன்று ஆயா அவன் ஓடுவதைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"எண்ணெய் விடாமல் போட்டாய் இல்லையா?"

"போட்டேன் ஆயா" என்றேன்.